முப்பத்தொன்றாம் நம்பர் பூட்டு

சங்கு ஊதியது மத்தியானம் ஒன்று இருபதுக்கு. ஊதச் சொன்னவர் மேனேஜர் மஞ்சுநாத். ஹாசன்காரர், கோலார் தங்கவயலுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நாளையிலிருந்து எல்லாம் அடைப்பு, கம்பெனியை இன்றைக்கே மூடிவிடுங்கள் என்று பெங்களூரிலிருந்து போன் வந்ததும், ஆட்களை ஒரே இடத்தில் கூட்டி விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த ஊரில் நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. சுரங்கம் மூடி இருபது வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் ஷிப்டு நேரம் இல்லாத நேரத்தில் சங்கு கேட்டால், கீழே பாறை வெடித்து ஆள் சிக்கிக்கொண்டான் என்றுதான் இங்கே கால்களுக்குத் தெரியும். மூளை யோசிப்பதற்குள் கால் ஓடிவிடும்.

ஓடினார்கள். லேத்தை ஓடவிட்டு ஓடினார்கள், வாயில் வைத்த சோற்றோடு ஓடினார்கள். ஆண்டர்சன்பேட்டை லைன் வீடுகளிலிருந்து பெண்கள் ஈரக் கையோடு கேட்டுக்கு ஓடி வந்தார்கள். இருநூறு பேர் கேட்டுக்கு இந்தப் பக்கமும் நூறு பேர் அந்தப் பக்கமுமாக நெருக்கிக்கொண்டு நிற்க, கையில் காகிதத்தோடு நின்ற மஞ்சுநாத்துக்கு முகம் வெளிறிப் போனது. ஒரு மீட்டர் இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்பதுதான் அந்தக் காகிதத்தின் முதல் வரி.

"இன்னா சார், யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல்லப்பா! கொரோனா! வீட்டுக்குப் போங்க!"

சிலர் சிரித்தார்கள், சிலர் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். பிறகு எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு கலைந்தார்கள். இரண்டு மணிக்குக் கம்பெனியில் காக்காய்கூட இல்லை.

தெரசாவும் அந்தச் சங்குக்கு ஓடியவள்தான். வேலைக்கு அனுமதிச் சீட்டு தரும் பர்மிட் கவுன்ட்டரில் இருக்க வேண்டியவள், இருக்கையை விட்டு எழுந்து கேட்டு வரைக்கும் ஓடிப்போய் நின்றாள். அவளுடைய தாத்தா காலத்துப் பயம் அது, அவள் காலில் எப்படி வந்து ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை. அதற்காக அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டரைக்கு அவள் கவுன்ட்டரைப் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். மூன்றரைக்கு இவான் ஆம்னி வேனோடு கேட்டுக்கு வருவான். இரண்டு பேருமாகப் பெங்களூர் போய் ரஷ்மியைக் கூட்டி வர வேண்டும். ரஷ்மி அவளுடைய ஒரே பெண், நர்சிங் முதல் வருஷம், ஆஸ்பத்திரியோடு ஒட்டிய ஹாஸ்டலில் இருக்கிறாள். ஆறு மணிக்குள் பெற்றவர்கள் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போகலாம், அதற்குப் பிறகு உள்ளே இருப்பவர்கள் உள்ளேதான், நாளையிலிருந்து காய்ச்சல் வார்டில் டியூட்டி என்று வார்டன் சொல்லிவிட்டாள். ரஷ்மிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். குளிர் காற்றுப் பட்டாலே நெஞ்சு கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும். இந்த நோயும் நெஞ்சைத்தான் பிடிக்கிறது என்று டி.வி.யில் சொன்னதிலிருந்து தெரசாவுக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ரயில் நேற்றே நின்றுவிட்டது. புருஷன் மஸ்கட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறான். போனால் இவள்தான் போக வேண்டும், இன்றைக்குத்தான் போக வேண்டும்.

கைப்பையை மாட்டிக்கொண்டு, மேஜை டிராயரை மூடப் போனவள் நின்றாள். உள்ளே தட்டில் ஒரு போன் இருந்தது. திரை உடைந்து, பின்னால் மாதா படம் ஒட்டிய போன். சாம்சனுடையது.

கம்பெனிப் பின்பக்கத்தில் தீயணைப்புக்கான தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. பூமிக்கு அடியில், பதினைந்தடி ஆழம், மூன்று அறை. அன்று காலை அதை வடித்துவிட்டுச் சேறு அள்ள சாம்சனோடு சேர்த்து ஐந்து பேர் இறங்கினார்கள். இறங்குகிறவன் போனைத் தெரசாவிடம் கொடுக்க வேண்டும். அப்புறம், தண்ணீர் வரும் வால்வைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும் இரும்புக் கொண்டியின் ஒரு துளையில் தன் நம்பர் அடித்த பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே ஏறியதும் தன் பூட்டைத் தானே கழற்ற வேண்டும். மாற்றுச் சாவி கிடையாது. அடுத்தவன் பூட்டில் கை வைக்கக் கூடாது. ஒரே ஒரு பூட்டு தொங்கினாலும் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம், தண்ணீர் திறக்கக் கூடாது. கொண்டி காலியானதைப் பார்த்துவிட்டுத் தெரசா பர்மிட்டில் கையெழுத்துப் போட்டால்தான் வால்வு திறக்கும்.

மற்ற நாலு பேரும் அவள் கேட்டுக்கு ஓடியிருந்த நேரத்தில் தாங்களே டிராயரைத் திறந்து போனை எடுத்துப் போயிருக்கிறார்கள். இந்த ஒன்று மட்டும் கிடக்கிறது. தெரசா கைப்பை வாரைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்கு ஓடினாள்.

கொண்டியில் ஒரு பூட்டு தொங்கியது. முப்பத்தொன்று. சாம்சன் பூட்டு.

அவள் குனிந்து மூடி திறந்திருந்த தொட்டி வாயில் தலையை விட்டுக் கத்தினாள். "சாம்சா! டேய் சாம்சா! கீறியாடா?" அவள் குரலே மூன்று அறையும் சுற்றித் திரும்பி வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஏணியும் முதல் அறையின் சேறும் தெரிந்தன. அதற்கு அப்பால் இருட்டு. அழுகின முட்டை வாசம் மூக்கில் ஏறியது. உள்ளே காற்று அடிக்கிற ப்ளோயரைக் காணோம். அடைப்பு என்று கேட்டதும் அதை வாடகைக்கு விட்டவன் தூக்கி லாரியில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ப்ளோயர் இல்லாமல் யார் இறங்கினாலும் இரண்டாவது அறைக்குப் போவதற்குள் மயங்கி விழுவான். உள்ளே ஒருத்தன் ஏற்கெனவே விழுந்து கிடந்தால்?

தொட்டி வேலைக்கு மேஸ்திரி பெருமாள். பூதிகோட்டைக்காரர், அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார். போனில் முதலில் தைரியமாகத்தான் பேசினார்.

"சாம்சனா? என் பின்னாலயே ஏறி வந்தாம்மா."

"பார்த்தீங்களாண்ணே?"

"சங்கு கேட்டுச்சு. நான் ஏணியப் புடிச்சேன். பின்னால அவன்தான் ஏறுனான். ஏறுனான்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, பார்த்தீங்களா?"

"தா, இப்பிடிக் கேட்டா நான் இன்னாம்மா சொல்றது?" பெருமாளுக்கு அழுகை வந்துவிட்டது. வண்டி கிடைத்தால் இப்போதே திரும்பி வருகிறேன் என்றார்.

ப்ளோயர்காரனுக்குப் போன் போட்டாள். அவன் லாரி பங்காருபேட்டை தாண்டிவிட்டது. ஆள் உயிர் என்றதும் மறுக்கவில்லை, திருப்பிக்கொண்டு வருகிறேன், வழியெல்லாம் போலீஸ் தடுப்பு, எத்தனை மணி ஆகும் என்று சொல்ல முடியாது என்றான். தீயணைப்புக்காரர்களுக்கு மஞ்சுநாத் போன் செய்தார். ஒரு வண்டிதான் இருக்கிறது, அது மருந்து தெளிக்கப் போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். கேட் வாட்ச்மேன் தங்கவேலுவைச் சாம்சன் வீட்டுக்குச் சைக்கிளில் துரத்தினாள். அவர் வியர்த்து வழியத் திரும்பி வந்தார்.

"வீடு பூட்டிக் கீதும்மா. அவன் அம்மா டெய்சியம்மாவும் இல்ல. சங்கு ஊதுனதும் ஓடுனாங்களாம், அப்பால யாரும் பாக்கலியாம்."

"நீங்க கேட்டுலதானே இருந்தீங்க? அவன் வெளிய போனானா?"

"முந்நூறு பேரும்மா. எல்லாம் மூஞ்சில கைக்குட்டை கட்டிகினு. யார்னு பாக்கறது?"

மஞ்சுநாத் கெட்டவர் இல்லை. அதுதான் தொந்தரவு. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். தொட்டிக்குப் பக்கத்திலேயே பெயின்ட்டும் தின்னரும் அடுக்கிய கொட்டகை இருக்கிறது. மூன்று வாரமோ மூன்று மாதமோ, இரண்டு வாட்ச்மேனை நம்பி விட்டுப்போக வேண்டும். ஒரு பொறி பட்டால் அணைக்கத் தண்ணீர் இல்லாமல், சுற்றியிருக்கிற லைன் வீடுகள் அத்தனையும் போய்விடும். இருட்டுவதற்குள் ஆபீசர் சீல் வைக்க வருகிறார். அதற்கு முன் தொட்டி நிறைந்தாக வேண்டும்.

"தெரசா அவரே, யோசனை பண்ணுங்க," என்றார், கன்னடம் கலந்த தமிழில். "எல்லாரும் ஓடினாங்க. நீங்களும் ஓடினீங்க. அவனும் ஓடினான், பூட்டை மறந்தான். அஷ்டே, அவ்வளவுதான்! நிரப்பறதுக்கே மூணு மணி நேரம் ஆகும். கட்டர் எடுத்துட்டு வரச் சொல்றேன். நீங்க கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க, உங்க பொண்ணு காத்துட்டு இருக்கா."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. தெரசாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஓடியிருப்பான். நூற்றுக்குத் தொண்ணூறு ஓடித்தான் இருப்பான். மிச்சம் பத்து அந்த மூன்றாவது அறையில், சேற்றில் முகம் புதைந்து கிடந்தது. அதை அவளால் கண்ணிலிருந்து நகர்த்த முடியவில்லை.

"போன் இங்க கீது சார். பூட்டு இங்க கீது. ஆளைக் காட்டுங்க, போட்டுட்றேன்."

மூன்றரைக்கு இவான் வந்து ஆரன் அடித்தான். மூன்றே முக்காலுக்கு மறுபடி அடித்தான். அப்புறம் இறங்கி உள்ளேயே வந்துவிட்டான். இவான் அவளுக்குத் தூரத்துச் சொந்தம், தம்பி முறை, வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னாக்கா நீ? பெங்களூர் ரோட்டுல ஒசக்கோட்டை டோல்ல திருப்பி அனுப்பறாங்களாம். இப்பக் கெளம்புனாத்தான் உண்டு. பூட்டாம், பூட்டு! உன் பொண்ணு பெரிசா, கம்பெனி பூட்டு பெரிசா?"

"நீ மட்டும் போய்க் கூட்டியாந்துடுடா."

"உடுவாங்களா?"

வார்டனுக்குப் போட்டாள். அப்பா இல்லையென்றால் அம்மா, வேறு யார் வந்தாலும் பெண்ணை அனுப்ப மாட்டேன், நாளைக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்றாள் வார்டன். அவளும் தன் கையெழுத்துக்குப் பயந்தவள்தான். தெரசாவுக்கு அவளைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

நாலு மணிக்கு ரஷ்மி கூப்பிட்டாள். "மம்மி, எங்க வந்துனு கீற? நான் பேக் கட்டிட்டேன். எங்க ரூம்ல எல்லாரும் போயிட்டாங்க. கீழ ஆம்புலன்ஸ் வந்துகினே இருக்கு மம்மி, சத்தம் கேக்குதா?"

"கெளம்பிகினே கீறேன்டி. தொட்டியில ஒரு ஆள் கீறானா இல்லியான்னு தெரியல. சாம்சன் அங்கிள். அதான் லேட்டு."

"தெரியலன்னா?"

"தெரியலடி."

"சீக்கிரம் வா மம்மி." குரலில் அந்தக் கீச்சு இருந்தது. பயந்தாலும் வரும் அது.

தெரசா தொட்டியை நாலு தரம் சுற்றினாள். வாயில் குனிந்து கத்தினாள். ஒரு கல்லை எடுத்து ஏணிக் கம்பியில் தட்டிவிட்டுக் காது கொடுத்தாள், உள்ளேயிருந்து யாராவது திருப்பித் தட்டுவார்களா என்று. ஒரு தரம் தட்டிய மாதிரியும் இருந்தது. சேற்றில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் அது என்று தங்கவேலு சொன்னார். இறங்கிவிடலாம் என்று ஏணியில் கால் வைத்தவளைத் தோளைப் பிடித்து இழுத்து வெளியே விட்டதும் அவர்தான். "ஒண்ணுக்கு ரெண்டா எடுக்கச் சொல்றியா எங்கள?" என்று அதட்டினார். அவள் வாயில் வேண்டுதலும் வசவும் கலந்து வந்தன. மாதாவே, இவன் உள்ளே இருக்கக் கூடாது. மாதாவே, இவன் உள்ளே இல்லையென்றால் இவன் காலை ஒடி.

நாலரைக்கு இவான் கடிகாரத்தைக் காட்டினான். இதற்கு மேல் தாமதித்தால் போய்ச் சேர்ந்தாலும் திரும்பி வர முடியாது, அவனுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். "வர்றியா இல்லியா, ஒரே வார்த்தை சொல்லு."

அதே நேரத்துக்கு மஞ்சுநாத் கையில் நீளக் கட்டரோடு வந்தார். வேறு யாரும் அடுத்தவன் பூட்டைத் தொடச் சம்மதிக்கவில்லை. தங்கவேலு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார். அதனால் மேனேஜரே எடுத்து வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "என் பொறுப்பு, நான் எழுதிக் கொடுக்கிறேன். நீங்க கையெழுத்துக்கூடப் போட வேண்டாம். போங்க, அம்மா. மகளைக் கூட்டிட்டு வாங்க."

போகலாம். அவள் போய்விட்டால் நடப்பதற்கு அவள் பொறுப்பில்லை, காகிதத்தில் அவள் பெயர் இருக்காது. டோலைத் தவிர்த்து ஓசூர் வழியாகச் சுற்றினால்கூட ஆறரைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், வார்டன் காலில் விழலாம். கைப்பை தோளில்தான் இருக்கிறது. தெரசா கேட்டுப் பக்கம் நாலு அடி எடுத்து வைத்தாள், நிஜமாகவே வைத்தாள். பிறகு திரும்பி வந்தாள். பைக்குள் கை விட்டுத் துழாவினாள். பர்மிட் கவுன்ட்டருக்கென்று கம்பெனி கொடுத்த பூட்டு ஒன்று அவளிடமும் உண்டு, நம்பர் ஒன்று. அதை எடுத்து முப்பத்தொன்றுக்குப் பக்கத்துத் துளையில் மாட்டி அழுத்தினாள். சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க?" மஞ்சுநாத் கட்டரை இறக்கினார்.

"இப்ப நானும் உள்ளதான் கீறேன்னு வெச்சிக்கங்க சார். அறுக்கணும்னா என் பூட்டைத்தான் மொதல்ல அறுக்கணும்."

மஞ்சுநாத் கன்னடத்தில் தனக்குள் ஏதோ முணுமுணுத்தார். கட்டரைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இவான் வேனுக்குத் திரும்பிப் போனான். வேன் கிளம்புகிற சத்தமும், லைன் முனையில் திரும்புகிற சத்தமும் கேட்டன. தெரசாவுக்கு அந்தச் சத்தத்தோடு உடம்பிலிருந்த ரத்தமெல்லாம் போன மாதிரி இருந்தது. வால்வுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

ஐந்தரைக்குக் கேட்டில் பேச்சுக் குரல் கேட்டது. லாரி வரவில்லை. ஒரு ஆள் மூச்சிரைக்க ஓடி வந்தான். சட்டையெல்லாம் ரத்தக் கறை, முட்டி வரைக்கும் காய்ந்த சேறு. சாம்சன்.

"அக்கா... அக்கா, மன்னிச்சிடுங்கக்கா."

சங்கு கேட்டு அவனும் ஏறியிருக்கிறான். கேட்டில் யாரோ, உன் அம்மா விழுந்துட்டாங்கடா என்று கத்தியிருக்கிறார்கள். மகன் தொட்டிக்குள் இருக்கிறான் என்று தெரிந்து ஓடி வந்த டெய்சியம்மா சாக்கடைக் கல்லில் விழுந்து மண்டை உடைந்து கிடந்தாள். அவன் அப்படியே அள்ளி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். தையல் போட்டு, பெட் கிடைத்து, ஒரு டீ குடிக்கக் காசு எடுக்கலாம் என்று சட்டைப் பையில் கை விட்டபோதுதான் சாவி கையில் பட்டிருக்கிறது.

"நம்பர் யாருதும் மனப்பாடம் இல்லக்கா. ஆட்டோவும் இல்ல. ஓடியே வந்தேன். என் பூட்டு தொங்கிகினு இருந்தா நீங்க போவ மாட்டீங்கன்னு தெரியும்."

தெரசா எழுந்து அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அப்புறம் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அவன் தோளிலேயே முகத்தை வைத்து அழுதாள். ஒரு மீட்டர் இடைவெளி என்று மஞ்சுநாத்தும் சொல்லவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்றும் அவர் சொல்லவில்லை, சொல்ல நாக்கு வரை வந்தது அவர் முகத்தில் தெரிந்தது. சாம்சன் முப்பத்தொன்றைக் கழற்றினான். தெரசா தன்னுடையதைக் கழற்றினாள். பர்மிட்டில் நேரம் ஐந்து நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தங்கவேலு வால்வைத் திறந்தார், தண்ணீர் இரைச்சலோடு உள்ளே விழுந்தது. நிறைகிற வரைக்கும் சீல் வைக்க வேண்டாம் என்று ஆபீசரிடம் கெஞ்ச மஞ்சுநாத் போனை எடுத்தார்.

இவானுக்குப் போட்டாள். "வண்டிய ஷெட்டுல உட்டுட்டேன்க்கா. டோல்ல ஒருத்தரையும் உடறதில்ல. டி.வி. போட்டுப் பாரு," என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆறடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. தெரசா மூன்று தரம் மணி அடிக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தாள்.

"மம்மி, எங்க கீற? வார்டன் கேட்டை மூடப் போறாங்க."

"வர முடியலடி. மம்மியால வர முடியல."

அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. அது நின்ற பிறகு மூச்சுக் கேட்டது, கீச்சுக் கீச்சென்று.

"அந்த அங்கிள்," என்றாள் ரஷ்மி. "கெடச்சாரா? உள்ளதான் இருந்தாரா?"

தெரசா நிமிர்ந்து பார்த்தாள். மூன்றடி தள்ளி சாம்சன் நின்றுகொண்டிருந்தான், கையில் பூட்டோடு.

"இருந்தாருடி," என்றாள். "மூணாவது ரூம்ல மயங்கிக் கெடந்தாரு. தண்ணி உட்டிருந்தா செத்திருப்பாரு. உசுரோட தூக்கிட்டோம்."

ரஷ்மி மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் பெரிய மனுஷி மாதிரி, "அப்ப சரி மம்மி," என்றாள். "அப்ப நீ வராதது சரிதான். நான் இருந்துக்குவேன். அழாத."

சாம்சன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். போனை வைத்த பிறகும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.